நொடியில் விரியும் கூடாரம், மடங்க மறுக்கும் கூடாரம்: புதுவகைக் கூடாரங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூடார விளம்பரங்களில் மழை பெய்வதே இல்லை. புல்தரை சமமாக இருக்கிறது, காற்று அசையவில்லை, வெயில் இதமாக அடிக்கிறது. ஒருவர் வட்டமான பையைத் திறந்து உள்ளிருப்பதை வீசுகிறார். அது தரையைத் தொடுவதற்குள் கூடாரம் தயார். அந்தக் காட்சியில் பொய் இல்லை. மறுநாள் காலை அதே கூடாரத்தை ஈரத்தோடு, கிளம்ப வேண்டிய அவசரத்தில் மடக்கும் காட்சியைத்தான் படம்பிடிக்காமல் விட்டுவிட்டார்கள்.

புதிய வடிவமைப்புகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவற்றைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கூடாரம் அமைக்கும் வேலையை எந்தப் புதுமையும் ஒழித்துவிடுவதில்லை, வேறோர் இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. விரிப்பதில் மிச்சப்படும் நேரம் மடிப்பதில் செலவாகும். முதுகில் குறையும் எடை, முளை அடிக்கும் திறமையாக உங்கள் தலையில் ஏறும். எனவே எது சிறந்தது என்று தேடுவதைவிட, ஒவ்வொரு வடிவமும் எந்த வேலையை எங்கே தள்ளுகிறது என்று பார்த்து, அந்த வேலை நம்மால் ஆகுமா என்று கேட்டுக்கொள்வதே பலன் தரும்.

படி 1: கூடாரத்தைப் பார்க்கும் முன் பயணத்தைப் பாருங்கள்

மூன்று கேள்விகள் போதும். முதலாவது, கூடாரத்தைச் சுமப்பது யார்: முதுகா, சைக்கிளா, காரா? நடந்து போகிறவருக்கு ஆளுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடார எடை சேர்ந்தாலே மாலைக்குள் தோள் புகார் சொல்லும். காரில் போகிறவருக்கு 20 கிலோவும் பொருட்டில்லை. இரண்டாவது, ஒரே இடத்தில் பல இரவுகள் தங்குவீர்களா, தினமும் இடம் மாறுவீர்களா? தினமும் மாறுகிறவர் தினமும் மடக்க வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை: போகிற இடத்தின் தரை எப்படி? பாறையா, மணலா, புல்லா, மரங்கள் அடர்ந்த சரிவா? புதுமை வடிவங்களில் பல தரையோடு ஒத்துப்போகாமல்தான் தோற்கின்றன.

படி 2: ஒவ்வொரு வடிவமும் வேலையை எங்கே தள்ளுகிறது என்று பாருங்கள்

தானே விரியும் கூடாரம். வளையும் கழிகள் துணிக்குள்ளேயே தைக்கப்பட்டு, சுருட்டி அழுத்திய நிலையில் பைக்குள் இருக்கின்றன. கட்டு அவிழ்ந்ததும் நிமிர்கின்றன. வளையும் கழிகளைக் கொண்டு வேகமாக எழுப்பும் எண்ணம் புதிதல்ல. அமெரிக்கக் கலைஞர் பில் மாஸ் 1955-ஆம் ஆண்டிலேயே கண்ணாடியிழைக் கழிகளால் ஒரு குவிமாடக் கூடாரத்தை வடிவமைத்தார். டெகாத்லான் நிறுவனத்தின் கெச்சுவா பிராண்ட் 2005-இல் வெளியிட்ட ‘2 செகண்ட்ஸ்’ கூடாரம்தான் வீசினால் விரியும் வகையைப் பரவலாக்கியது. குழந்தைகளோடு காரில் போய், இருட்டிய பிறகு இறங்குகிறவர்களுக்கு இது நல்ல துணை. சிக்கல் இரண்டு. மடித்த பிறகும் அது பெரிய தட்டாகவே இருக்கும், முதுகுப்பைக்குள் நுழையாது. மடிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது: கழிகளை ஒன்றாகச் சேர்த்து, நிறுத்தி, மேல்முனையைக் கீழே அழுத்திக்கொண்டே எட்டு வடிவில் முறுக்க வேண்டும். பழகியவருக்கு இரண்டு நிமிட வேலை. பழகாதவரோடு அது மல்லுக்கு நிற்கும். வலுவைக் காட்டினால் கழி முறியும். மலைக்காற்றிலும் இவ்வகையை நம்பாதீர்கள். சுருளும் அளவுக்கு மெலிந்த கழி, காற்று தள்ளினாலும் வளைந்துதான் கொடுக்கும்.

குடை வகை என்று இன்னொன்று உண்டு. உச்சியில் உள்ள இணைப்பைத் தள்ளினால் கால்கள் விரிந்து பூட்டிக்கொள்ளும். சமதரை முகாமுக்குப் போதும். உச்சி இணைப்பு பிளாஸ்டிக்கால் ஆனதா என்று மட்டும் பாருங்கள்; அது உடைந்தால் கூடாரமே இல்லை.

காற்றடைத்த கூடாரம். கழிக்குப் பதில் காற்றுக் குழாய். உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் மெல்லிய பை, வெளியே அது பெருத்துவிடாமல் காக்கும் உறுதியான பாலியெஸ்டர் உறை. பலர் தங்கும் பெரிய குடும்பக் கூடாரத்தை ஒருவரே எழுப்ப முடிவது இதன் உண்மையான சாதனை. பலத்த காற்றில் குழாய் வளையும், காற்று நின்றதும் நிமிரும். கழியைப் போல் முறிவதில்லை. ஆனால் இவை கனமானவை, பெரிய அளவுகள் 15 கிலோவைத் தாண்டும், பம்ப் தனி.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று வெப்பம். அதிகாலை 15 டிகிரிக் குளிரில் அரை பார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்துக்கு அடித்த குழாய், வெயில் ஏறி உள்காற்று 40 டிகிரியை எட்டும்போது சுமார் 0.63 பார் ஆகிவிடும். கால் பங்குக்கு மேல் கூடுதல்! ஆகவே உச்சிவெயிலில் கொஞ்சம் காற்றை விடுங்கள், மாலையில் மறுபடி அடியுங்கள். இரவில் குழாய் தளர்ந்தால் உடனே ஓட்டை என்று பதற வேண்டாம், குளிரில் அழுத்தம் இறங்குவது இயல்பு. ஒவ்வொரு குழாய்க்கும் தனி அடைப்பிதழ் (வால்வு) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, இடையில் மூடும் வசதியும் இல்லையென்றால், ஒரு கசிவு முழுக் கூடாரத்தையும் படுக்க வைக்கும்.

முக்கோண வலைப்பின்னல் குவிமாடம். கழிகள் பல இடங்களில் குறுக்கே வெட்டிக்கொண்டு மேற்பரப்பை முக்கோணங்களாகப் பிரிக்கும் வடிவம் இது. சதுரச் சட்டத்தை ஒரு மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. இந்த எளிய வடிவியலைப் பெரிய குவிமாடங்களுக்குக் கொண்டுபோன பக்மின்ஸ்டர் ஃபுல்லர் அதற்கான அமெரிக்கக் காப்புரிமையை 1954-இல் பெற்றார். 1970-களின் நடுவில் நார்த் ஃபேஸ் நிறுவனம் அதே தத்துவத்தை மலையேறிகளின் கூடாரத்தில் புகுத்தியது. பனியும் புயலும் உள்ள இடத்துக்கு இன்றும் இதைவிட நம்பகமான வடிவம் குறைவு. கழிகள் அதிகம், எடை அதிகம், எந்தக் கழி எங்கே என்ற குழப்பமும் அதிகம். கோடைக்கால ஏரிக்கரைக்கு இதைச் சுமந்து போவது வீண்.

கைத்தடியால் நிற்கும் கூடாரம். மலைநடையில் ஊன்றிச் செல்லும் தடியையே நடுக்கழியாக்கிக்கொள்வதால் தனிக் கழிகளின் எடை மிச்சம். டைனீமா என்ற இழையால் ஆன தாளைப் போன்ற துணியும் சேர்ந்தால் இருவர் கூடாரமே ஒரு கிலோவுக்குக் கீழே வந்துவிடும். அந்தத் துணி படகுப் பாய்களிலிருந்து வந்தது. நீரை உறிஞ்சாது, நனைந்தாலும் தொய்யாது. உராய்வும் முள்குத்தும் நெருப்புப்பொறியும் அதற்கு ஆகாது. இந்த வகையில் வேலை முழுவதும் உங்கள் கைக்கு வந்து சேர்கிறது: முளை பிடித்தால்தான் கூடாரம். பாறைத்தரையிலும் தளர்ந்த மணலிலும் முளை நிற்காது. வெறும் தார்ப்பாயை விரித்துக் கட்டிப் படுத்தவர்கள் இதை எளிதில் கற்றுக்கொள்வார்கள். முதல் முறை முகாமுக்குப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரத்தில் கட்டும் தொங்குபடுக்கை. எனக்கு மிகப் பிடித்த வடிவம் இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன். சரிவு, கல், சேறு, வேர் எதுவும் பொருட்டில்லை; மரம் இருந்தால் போதும். கொசுவலையும் மேலே தார்ப்பாயும் சேர்ந்தால் முழு உறைவிடம். ஆனால் இழுத்துக் கட்டினால்தான் நேராகப் படுக்கலாம் என்ற எண்ணம் தவறு. கட்டுக்கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி இறங்கியிருந்தால், 80 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு கயிற்றிலும் சுமார் 80 கிலோ இழுவை. அதையே விறைப்பாக்கி 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இழுவை 230 கிலோ. 5 டிகிரியில் 450 கிலோவைத் தாண்டுகிறது. கயிறு அறுவதும் மெலிந்த மரம் வளைவதும் இதனால்தான். தொய்வாகக் கட்டி, உள்ளே சற்றுக் குறுக்காகப் படுங்கள், முதுகு நேராகும். கட்டும் பட்டை இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் இருந்தால் மரப்பட்டை வெட்டுப்படாது. ஒரு சாண் குறுக்களவுகூட இல்லாத மரத்திலும், பட்டுப்போன மரத்திலும் கட்டவே கூடாது.

தொங்குபடுக்கை தள்ளிவிடும் வேலை குளிர். உடலுக்கு அடியில் காற்று ஓடுகிறது, தூக்கப்பையின் அடிப்பகுதி உங்கள் எடையில் நசுங்கிப் பயனற்றுப் போகிறது. 20 டிகிரிக்குக் கீழே போனாலே பலருக்கு முதுகு சில்லிடும். படுக்கைக்கு வெளியே, அடியில் தொங்கவிடும் தனிப் போர்வையோ, உள்ளே ஒரு நுரைப்பாயோ வேண்டும். மூன்று மரங்களுக்கு இடையே முக்கோணமாக இழுத்துக்கட்டும் மேடைக் கூடாரங்களும் வந்திருக்கின்றன. இருவர் மூவர் படுக்கலாம். ஆனால் சரியான இடைவெளியில் மூன்று நல்ல மரங்களைக் கண்டுபிடிக்கச் செலவாகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

கார் கூரைமேல் கூடாரம். மெத்தையோடு மடிந்திருக்கும், ஏணி இறக்கி ஏறலாம், ஈரத்தரைத் தொல்லை இல்லை. எடை பெரும்பாலும் 50 முதல் 80 கிலோ. வாங்கும் முன் காரின் கையேட்டில் ஓடும்போது கூரை தாங்கும் எடையைப் பாருங்கள். நிற்கும்போது தாங்கும் எடை இதைவிடப் பல மடங்கு, ஆட்கள் ஏறிப் படுப்பது அந்தக் கணக்கில் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. இன்னொரு தொல்லை: இரவு எட்டு மணிக்கு ஏதாவது வாங்கப் போக வேண்டுமென்றால் படுக்கையறையையும் மடக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

காகித மடிப்பு வடிவங்கள். ஜப்பானிய விண்வெளிப் பொறியியலாளர் கோர்யோ மியுரா உருவாக்கிய மடிப்புமுறை 1995-இல் விண்கலத்தில் சூரியத் தகட்டை விரிக்கப் பயன்பட்டது. அதன் வழியில் நெளிதகட்டால் ஆன கூடாரங்களும் அவ்வப்போது அறிமுகமாகின்றன. பார்க்க அழகு. ஆனால் கெட்டித் தகடு மடித்தாலும் பெரிதாகவே இருக்கும். ஒவ்வொரு மடிப்புக்கோடும் நாளடைவில் தேயும், தேய்ந்த இடத்தில் மழை இறங்கும். கண்காட்சியில் ரசித்துவிட்டு வந்துவிடலாம். மடக்கும் சுவரைச் சரியாகச் செய்தவர்கள் மத்திய ஆசிய மேய்ச்சல் மக்கள். யூர்ட் எனப்படும் அவர்களின் வட்டக் கூடாரத்தின் மரப்பின்னல் சுவர் விரிந்து சுருங்கும், தோல்நாரால் கட்டிய இணைப்பு போனால் வேறொன்று கட்டிக்கொள்ளலாம். துணியில் சூரியத்தகடு, செல்பேசியால் இயங்கும் விளக்கு போன்றவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை தனியாக இருந்தால் தனியாகப் பழுதாகும்; கூடாரத்தோடு தைக்கப்பட்டிருந்தால் கூடாரமும் பழுது.

படி 3: விவரப் பட்டியலைச் சந்தேகத்தோடு வாசியுங்கள்

‘இருவர் கூடாரம்’ என்றால் இரண்டு பாய்கள் உள்ளே நுழையும் என்று பொருள். பைகளுக்கும் முழங்கைக்கும் இடமில்லை. இருவர் வசதியாக இருக்க மூவர் அளவை எடுங்கள். உயரமானவர்கள் உள்நீளத்தைப் பார்க்க வேண்டும். சுவர் சரிவாக இறங்குவதால், 180 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 210 சென்டிமீட்டர் நீளம்கூட நெருக்கடிதான். கால்மாட்டில் தூக்கப்பை துணியில் உரசி நனையும்.

எடையில் இரண்டு எண்கள் இருக்கும். குறைந்தபட்ச எடை என்பதில் முளை, கயிறு, பை எதுவும் பெரும்பாலும் சேராது. பொதிந்த எடைதான் உங்கள் முதுகில் ஏறப்போவது.

நீர்காப்பு மில்லிமீட்டரில் தரப்படும். துணியின்மேல் நிற்கும் நீர்த்தம்பம் எந்த உயரத்தை எட்டும்போது கசியத் தொடங்குகிறது என்பது அதன் கணக்கு. மேல்துணிக்கு 1500 மில்லிமீட்டர் போதுமானது. தரைத்துணியில் முழங்கால் ஊன்றினால் அழுத்தம் எகிறும் என்பதால் அங்கே 3000-க்குக் குறையாமல் பாருங்கள். அதற்காக 10,000 என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம். பெரும்பாலான கூடாரங்கள் துணியால் ஒழுகுவதில்லை, தையலால் ஒழுகுகின்றன. தையல்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இருபுறமும் சிலிக்கான் பூசிய துணியில் அந்த நாடா ஒட்டாது. சிலிக்கான் பசையை நீங்களே தடவ வேண்டியிருக்கும்.

நைலான் ஈரத்தில் தொய்யும், ஆனால் கிழிசலைத் தாங்கும். பாலியெஸ்டர் தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும், சற்றுக் கனம். கழியில், அலுமினியம் வளைந்தால் ஓரளவு நிமிர்த்தலாம். கண்ணாடியிழை பிளந்தால் சிம்பு கையில் ஏறும்.

படி 4: வீட்டில் ஒத்திகை

திறந்தவெளியில் ஒரு முறை பகலில் விரித்து மடக்குங்கள். பிறகு இருட்டில், தலைவிளக்கு ஒன்றோடு மட்டும். மூன்றாவது முறை தண்ணீர்க் குழாயால் கால் மணி நேரம் நனைத்து, உள்ளே உட்கார்ந்து தையல்களைக் கவனியுங்கள். நனைந்த நிலையிலேயே மடக்கிப் பையில் போட்டுப் பாருங்கள். தானே விரியும் வகையானால் மடிக்கும் முறையை மற்றொருவர் கைபேசியில் படம்பிடித்து வைக்கட்டும். தொங்குபடுக்கையை முதலில் தாழக் கட்டி, உட்கார்ந்து பார்த்துவிட்டுப் படுங்கள். காற்றடைத்த வகையை ஓர் இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் கசிவு தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிடுங்கள்.

படி 5: இடம் பார்த்தல்

மேலே முதலில் பாருங்கள், பிறகு கீழே. காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். தனித்து நிற்கும் உயர்ந்த மரமும் வேண்டாம். இடியிலிருந்து எந்தக் கூடாரமும் காக்காது. வறண்டு கிடக்கும் ஓடைத்தடம் மணலும் சமதளமுமாக ஆசைகாட்டும். மேலே எங்கோ பெய்த மழை இரவில் அங்கே வந்து சேரலாம். பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும், முகட்டில் காற்று அறையும். இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு மேடு நல்லது. வெட்டவெளியைவிட இலைக்கூரையின் கீழ் பனி குறைவாக இறங்கும்.

சிறிய சரிவு தவிர்க்க முடியாததென்றால் தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும். கூடாரத்தின் குறுகலான, தாழ்ந்த பக்கத்தைக் காற்றுக்குக் காட்டுங்கள். இது அலங்காரமான அறிவுரையல்ல: மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று 60 ஆனால் விசை இரண்டல்ல, நான்கு மடங்காகும். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் துணியில் ஏறத்தாழ 17 கிலோ அழுத்தம்.

படி 6: முளையும் கயிறும்

‘தானே நிற்கும்’ கூடாரம் என்று எழுதியிருந்தாலும் முளை அடியுங்கள். ஆள் இல்லாத குவிமாடக் கூடாரம் காற்றில் உருண்டு நீருக்குள் போவது அடிக்கடி நடக்கிறது. காற்று வரும் பக்கத்து முளையை முதலில் அடித்துவிட்டுக் கழியை எழுப்புங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, தரைமட்டம் வரை இறங்க வேண்டும்.

மணலிலும் பனியிலும் முளையை நட்டுப் பயனில்லை. ஒரு துணிப்பையை அங்குள்ள மணலாலோ பனியாலோ நிரப்பி, கயிறு கட்டி, முழங்கை ஆழம் புதையுங்கள். பாறைத்தரையில் கயிற்றின் முனையில் ஒரு சிறு கல்லைக் கட்டி, அதன்மேல் பெரிய கல்லை ஏற்றுங்கள். கயிற்றைக் கல்லின் கூர்விளிம்பில் உரச விடாதீர்கள். நைலான் துணியானால் படுக்கப்போகும் முன் ஒருமுறை எல்லாக் கயிற்றையும் இழுத்து இறுக்குங்கள். மழை தொடங்கியதும் அது தொய்ந்து உள்துணியில் ஒட்டும், பிறகு ஒழுகுகிறது என்று தயாரித்தவரைத் திட்டுவோம்.

படி 7: கூடாரம் வியர்ப்பதைச் சமாளித்தல்

ஓர் இரவில் ஒருவர் மூச்சாலும் தோலாலும் கால் லிட்டருக்கு மேல் நீரை வெளிவிடுகிறார். இருவர் என்றால் அரை லிட்டர். குளிர்ந்த துணியில் அது நீராகப் படிகிறது. ஒற்றைத்துணிக் கூடாரங்களில் இது நேரே உங்கள்மேல் சொட்டும். இரட்டைத்துணியில் உள்வலை ஓரளவு தடுக்கும். குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்புகளையும் மூடுவதுதான் இதைப் பெரிதாக்குகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு திறப்புகளையாவது விட்டுவைத்தால் காற்று ஓடும். ஈரத்துணியையும் ஷூவையும் வெளித்திண்ணையில் வையுங்கள்.

சமையல் அடுப்பு, கரியடுப்பு, தணல் எதுவும் உள்ளே வரவே கூடாது. தீப்பிடிப்பது ஓர் ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அதைவிடப் பெரிய ஆபத்து. மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். அணைந்துபோனதாகத் தோன்றும் கரியும் அதை வெளியிட்டுக்கொண்டிருக்கும்.

படி 8: மடக்குதல், காயவைத்தல், பழுது

மடக்கும் முன் உள்ளே இருக்கும் மணலை உதறுங்கள். ஜிப் பற்களைத் தேய்ப்பது அதுதான். வெளித்துணி ஈரமாக இருந்தால் தனிப் பையில் போடுங்கள், உலர்ந்த உள்துணியோடு சுருட்டாதீர்கள். வீடு வந்த அன்றே நிழலில் விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், உள்பூச்சு பிசுபிசுத்துப் புளித்த வாடை அடிக்கும். அந்த நிலைக்குப் போன பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது. துணிக்கூடாரத்தை ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் மடிக்காமல் பைக்குள் திணிப்பதே மேல். டைனீமா துணியை மட்டும் கசக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள்.

பழுதுப்பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை: முறிந்த கழியின்மேல் செருகும் சிறு அலுமினியக் குழாய், நான்கு மீட்டர் கயிறு, இரண்டு உபரி முளைகள், ஊசிநூல், உறுதியான ஒட்டுநாடா. காற்றடைத்த வகைக்கு ஒட்டுப்போடும் துண்டும் பசையும். கூடாரத் துணி சிலிக்கான் பூசியதா, பாலியூரித்தேன் பூசியதா என்பதைப் பையின் உள்பக்கத்தில் மையால் எழுதிவையுங்கள். சிலிக்கான் துணியில் சிலிக்கான் பசை மட்டுமே பிடிக்கும், மற்ற ஒட்டு எதை ஒட்டினாலும் முதல் மழையிலேயே உரிந்துவிடும்.